வேதக்கோயிலில் பூக் கேட்டோம்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பார்த்து நேராக ‘வேண்டாம்’ என்று சொன்னதில்லை. அதற்கென்றே கடவுளை வைத்திருந்தோம். ஜவுளிக் கடையில் விலை கட்டுப்படியாகாவிட்டால் பெரியப்பா, ஆண்டவர் சித்தமானால் அடுத்த தடவை பார்க்கலாமுங்க என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார். விருந்துக்குக் கூப்பிட்டவர்களிடமும், நன்கொடை கேட்டு வந்தவர்களிடமும் அதே பதில்தான். ஆண்டவர் எங்களுக்காக எத்தனை பேரிடம் கெட்ட பெயர் வாங்கினாரோ, பாவம். என் அத்தையின் கல்யாணப் பேச்சு வந்தபோதும் அந்த வழியில்தான் போனார்கள். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். கம்பெனிக்காரன் காலத்தில் அங்கே சப்கலெக்டர் கச்சேரி இருந்ததாம். கச்சேரி போய்விட்டது, துரைமார் பங்களா போய்விட்டது, குதிரை லாயம் ரேஷன் கடையாகிவிட்டது. மிச்சம் நின்றது ஆங்கிலிக்கன் சபைக்காரர்கள் கட்டிய கோயில் ஒன்றுதான். ஊர்க்காரர்கள் அதை வேதக்கோயில் என்பார்கள். கோபுரம் கூராக நீண்டிருந்ததால் சந்தைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் கோணியூசிக் கோயில் என்பார்கள். கட்டினவன் தன் ஊர்ப் பனிக்குக் கட்டுகிற மாதிரியே எங்கள் வெயிலுக்கும் கட்டியிருந்தான். பனி வழுக்கி விழுவதற்காகக் கூரையை அவ்வளவு செங்குத்தாகச் சரித்திருக்கிறார்கள் என்று பெரியப்பா சொல்வார். எங்கள் ஊரில் அதிலிருந்து வழுக்கி விழுந்ததெல்லாம் புறா எச்சம்தான்.

கோயில் சாவி பெரியப்பாவிடம் இருந்தது. சபைக் கமிட்டியில் அவர் அசைக்க முடியாத ஆள். விருந்தாளி யார் வந்தாலும் காப்பி கொடுத்த கையோடு கோயிலைக் காட்டக் கூட்டிப் போய்விடுவார். முழங்கை நீளத்துக்கும் மேலான சுவர்க் கனம், கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்பு, கொல்லிமலையிலிருந்து வண்டியில் வந்த உத்தரங்கள் எல்லாவற்றையும் தட்டித் தட்டிக் காட்டுவார். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கூண்டு வண்டிக்குள் படுத்திருப்பது போல இருக்கும். பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, வரிசையாகச் சின்னத் துளைகள். அந்தக் காலத்தில் கூரையிலிருந்து தொங்கிய துணி விசிறியின் கயிறு அந்தத் துளை வழியாக வெளித் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே உட்கார்ந்து ஒருவன் கயிற்றை இழுக்க, உள்ளே துரைமார் காற்று வாங்கிக்கொண்டே ஜெபிப்பார்கள். அப்படி இழுத்தவர்களில் ஒருவர் எங்கள் கொள்ளுத்தாத்தா. இராசிபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்தவர், பஞ்சத்தில் தறியை விற்றுவிட்டுக் கயிறு பிடிக்க வந்தார். வருஷக்கணக்கில் சுவருக்கு வெளியே உட்கார்ந்து பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் வேதத்துக்கு வந்தார். இதைப் பெரியப்பா சொல்லும்போது மட்டும் ‘கோயிலில் முக்கியமான பொறுப்பில் இருந்தார்’ என்று முடித்துக்கொள்வார். அதுவும் பொய்யில்லை, அவர் கையை நிறுத்தியிருந்தால் ஆராதனையே நின்றிருக்குமே.

பீடம் கிழக்கே இருக்கும். நேர் எதிரே, மேற்கு வாசலுக்கு மேலே, சீமையிலிருந்து வைக்கோல் பொதிந்து கப்பலில் வந்த பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் நல்ல மேய்ப்பர். அவர் போர்த்தியிருந்த சிவப்புப் போர்வைதான் ஜன்னலில் பாதி. கல்யாணமாகி வந்த சில மாதத்திலேயே ஜுரத்தில் செத்துப்போன மனைவிக்காக ஒரு துரை வைத்த ஜன்னல் அது என்று கீழே பளிங்குக் கல்லில் எழுதியிருக்கும். அத்தை அதை எனக்கு வாசித்துத் தமிழில் சொல்வாள். நாங்கள் கோயிலுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை காலையில். அந்நேரம் அந்த ஜன்னல் மங்கிக் கிடக்கும். சாயங்கால ஆராதனை என்றால் விளக்கு வைத்த பிறகுதான். வெயில் அதன் வழியாக உள்ளே வந்து அந்த வயதுவரை நான் பார்த்ததேயில்லை.

அத்தை என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கோயிலில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன் அவள் பொறுப்பு. வீட்டில் மிச்சமெல்லாமும் அவள் பொறுப்புதான். என் அம்மாவுக்கு இழுப்பு. பனிக்காலம் வந்தால் அடுப்புப் புகை ஆகாது. மாசிப் புழுதி கிளம்பினால் விளக்குமாறு பிடிக்க முடியாது. எனக்குத் தலை பின்னி, தம்பியைக் குளிப்பாட்டி, சோறாக்கி, எங்கள் வீட்டுக் குடத்தையும் பக்கத்து வீட்டில் பெரியம்மாவின் குடத்தையும் நிரப்பி வைத்துவிட்டு அத்தை பள்ளிக்கூடம் போவாள். அவள் சம்பளம் எங்கே போனது என்று அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வயசு ஏறிப்போச்சே என்று ஊரார் கேட்டால், நல்ல இடமா ஆண்டவர் காட்டுவாருங்க என்பார் பெரியப்பா.

ஆண்டவர் காட்டியும்விட்டார். பள்ளிபாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். காகித ஆலையில் வேலை. ஏதோ சபைக் கூட்டத்துக்கு வந்த இடத்தில் அத்தை ஆர்கன் வாசித்ததைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அடுத்தடுத்த ஞாயிறுகளில், இரண்டு பஸ் மாறி, எங்கள் கோயிலுக்கே ஆராதனைக்கு வர ஆரம்பித்தார். அவர் ஊரில் கோயில் இல்லையா என்று பெரியம்மா கேட்டாள். சொட்டை விழுந்த, உயரமான, சத்தமில்லாத மனிதர். முதல் மனைவி தவறிப்போய்விட்டாள், பிள்ளை இல்லை, வரதட்சணை எதுவும் வேண்டாம் என்று தன் தாய்மாமனை விட்டு முறையாகக் கேட்டனுப்பினார். அத்தை வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் வருகிற ஞாயிறுகளில் கடைசிப் பாட்டு முடிந்தும் ஆர்கன் நிற்காது. ஜனங்கள் எல்லாம் வெளியேறி, அவர் ஒருத்தர் மட்டும் தொப்பையில்லாத வயிற்றின் மேல் கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நிற்கிற வரைக்கும் அவள் வாசித்துக்கொண்டே இருப்பாள். ஒரு தரம் என்னிடம், பள்ளிபாளையத்தில் காவிரி வீட்டு வாசலிலேயே ஓடுமாம் தெரியுமா என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. அது போதாதா?

போதவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு குறையும் அகப்படாமல் பெரியவர்கள் திணறினார்கள். இரண்டாந்தாரம் என்று இழுத்துப் பார்த்தார்கள். அத்தைக்கே சம்மதமென்று தெரிந்ததும் அதுவும் எடுபடவில்லை. அப்போதுதான் பெரியப்பா, பூக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்றார்.

எங்கள் பக்கத்தில் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக வாழைச் சருகில் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து, வயசுக்கு வராத ஒரு பெண் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் இல்லை. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, இரண்டையும் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட வேண்டும். இராசிபுரத்தில் வேதத்துக்கு வராமல் நின்றுவிட்ட எங்கள் பங்காளிகள் வீட்டில் பெண்ணெடுப்பது முதல் போர் போடுவது வரை எல்லாம் பூவைக் கேட்டுத்தான். கொள்ளுத்தாத்தா பொட்டை விட்டார், திருநீற்றை விட்டார், பெயரை மாற்றினார். பூக் கேட்பதை மட்டும் விடவில்லை. விட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான். யாரிடம் கேட்பது என்பதுதான் மாறியது.

எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்போம். ஐயருக்குத் தெரிந்தால் தொலைந்தோம். அதுவும் அது லெந்து காலம். அந்த நாற்பது நாளும் பீடத்தில் ஒற்றைப் பூ வைக்க மாட்டார்கள், ஊதாத் துணி போர்த்திவிடுவார்கள். கல்யாணம் கிடையாது. அப்படிப்பட்ட நாளில்தான் நாங்கள் மடியில் அரளியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். ஐயர் யார் வீட்டிலோ ஜெபம் நடத்த அயோத்தியாப்பட்டணம் போயிருந்த சாயங்காலமாகப் பார்த்து, உத்தரத்தில் கரையான் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சாக்கு வைத்துப் பெரியப்பா சாவியை எடுத்தார். பெரியப்பா, அப்பா, அம்மா, அத்தை, நான். பொட்டலம் கட்டியது அம்மா. குழந்தை நான். எனக்கு ஏக குஷி. ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கோயிலுக்குள் அந்நேரம் புழுக்கமும் வௌவால் வாடையுமாக இருந்தது. மெழுகுவர்த்தி கொளுத்தவில்லை, வெளியே தெரிந்துவிடுமே. பீடத்தைச் சுற்றிய கிராதிக்கு முன்னால், நற்கருணை வாங்க முழங்காலிடுகிற படியில் பெரியப்பா இரண்டு பொட்டலங்களையும் வைத்தார். எல்லாரும் முழங்காலிட்டோம். அத்தை முக்காட்டை நெற்றி மறையும்படி இழுத்துவிட்டு, படியில் தலை படும்படி குனிந்துகொண்டாள். பெரியப்பா பரமண்டல ஜெபம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அம்மன் கோயில் பூசாரி கேட்கிற அதே ராகத்தில், “ஆண்டவரே, உமக்குச் சித்தமானா வெள்ளையக் குடும், இல்லாட்டிச் செவப்பக் குடும்” என்றார்.

என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன். ஏன் இடப்பக்கம் என்று கேட்டால், அது எனக்குக் கிட்டே இருந்தது. நாரை உருவி, சருகை விரித்து, படியின் மேலேயே வைத்தேன். எல்லாரும் குனிந்தார்கள்.

சிவப்பு. சந்தேகமே இல்லாத சிவப்பு.

அப்பா பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரியப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “அவரு சித்தம் இப்படி இருக்கறப்ப நாம என்ன பண்ண முடியும் சாமி” என்றார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. அத்தை இன்னும் குனிந்தே இருந்தாள். பிறகு எழுந்து, முகத்தைக் காட்டாமல் பொட்டலங்களை எடுத்து என் கையில் கொடுத்து, வா கிணற்றடிக்குப் போகலாம் என்றாள்.

கிணற்றடிக்குப் போவதற்கு முன்னால் பிற்பாடு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லி முடித்துவிட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். ஈஸ்டர் முடிந்த வாரம் அவர் தன் தாய்மாமனோடு பதில் கேட்க வந்தார். ஆண்டவர் உத்தரவு கொடுக்கலீங்க என்று பெரியப்பா வாசலிலேயே நிறுத்திச் சொன்னார். அந்த மனிதர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான்தான் சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, கவிழ்த்து உதறி, என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அத்தை உள்ளே பள்ளிக்கூடப் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் அவருக்கு ஈரோட்டில் பெண் அமைந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அத்தைக்குப் பிறகு எந்த இடமும் வரவில்லை. யாரும் தேடவுமில்லை. என்னையும் தம்பியையும் பெரியப்பா பிள்ளைகளையும் வளர்த்து, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஆர்கன் வாசித்தாள். என் கல்யாணத்துக்கும் அவள்தான் வாசித்தாள். அம்மாவைக் கடைசி மூச்சு வரைக்கும் தூக்கிக் கிடத்தியது அவள்தான். அம்மா ஒரு தரம் என்னிடம், “அன்னிக்கு மட்டும் வெள்ள வந்திருந்தா நம்மூடு என்னத்துக்கு ஆகியிருக்கும் கண்ணு, ஆண்டவருக்குக் கண்ணிருக்குது” என்றாள். அப்பாவும் பெரியப்பாவும் அந்தப் பூவை நம்பியபடியே, நிம்மதியாகக் கண்ணை மூடினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் பூசாரிகூட வேண்டியிருக்கவில்லை. அத்தை போய் இப்போது நாலைந்து வருஷம் ஆகிறது. அவள் தனக்கென்று ஒரு நாள் வாழ்ந்தாளா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் அன்றைக்கு வந்தது வெள்ளைதான்.

கோயிலுக்கு மேற்கே, வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் கிணறு. வழியிலேயே நான் உள்ளங்கையைத் திறந்து பார்த்தேன். பூ பால் மாதிரி இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கானாவூரில் தண்ணீர் திராட்சரசமான கதையை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டவள் அல்லவா நான்! “அத்தே, பூ வெள்ளையாயிருச்சு. ஆண்டவரு மனச மாத்திக்கிட்டாரு” என்றேன்.

அத்தை அதை வாங்கிப் பார்த்தாள். பிரிக்கக் கூடாத மற்றப் பொட்டலத்தைப் பிரித்தாள். அதில் சிவப்பு அரளி இருந்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு திரும்பிக் கோயிலை அண்ணாந்து பார்த்தாள். பங்குனி மாதத்துச் சூரியன் நேர் மேற்கே, எங்கள் முதுகுக்குப் பின்னால், இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கு ஜன்னல் முழுக்க வெயில். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடியில் நிறமே தெரியாது, கறுத்துக் கிடக்கும். மேய்ப்பரின் சிவப்புப் போர்வை வெயிலோடு உள்ளே நீளப் போய்க் கிராதிப் படியில் விழுந்திருக்கிறது. பெரியப்பாவின் வேட்டி ஓரமும் என் கையும்கூட அப்போது சிவந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. பூவை மட்டும்தான் பார்த்தார்கள்.

“ஆண்டவரு இல்ல கண்ணு, கண்ணாடி” என்றாள் அத்தை. அவள் குரலில் சிரிப்பு வந்தது. பூக்களை மூடிப் பிடித்துக்கொண்டு, என் கையையும் பிடித்துக்கொண்டு, கோயிலைப் பார்த்து வேகமாக நடந்தாள். நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

வேப்ப மரத்தடிக்கு வந்தபோது வாசலில் அவர்கள் பேசுவது கேட்டது. பெரியப்பா கதவைப் பூட்டிக்கொண்டே அப்பாவிடம் ஏதோ வேடிக்கை சொன்னார். அம்மா சிரித்தாள். மூச்சு இழுக்காமல், நீளமாக, நன்றாகச் சிரித்தாள். அத்தையின் கால் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தாள்.

“நான் தல குனிஞ்சிருந்தேன். நீ எல்லாரயும் பாத்துட்டுத்தான இருந்த? செவப்புன்னு தெரிஞ்சப்ப ஆருக்காச்சும் மொகம் வாடுச்சா சாமி?”

நான் நன்றாக யோசித்தேன். அப்பாவின் முகம், அம்மாவின் முகம், பெரியப்பாவின் முகம். அத்தையின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. தன்னால் மற்றவர்கள் மனம் நொந்துவிட்டதோ என்றுதான் இப்படிக் கேட்கிறாள் என்று எனக்குப் பட்டது. அவளை எப்படியாவது தேற்றிவிட வேண்டும் என்று இருந்தது.

“ஆருமே வாடலீங்க அத்தே” என்றேன். “எல்லாரும் சந்தோசமாத்தான் இருக்கறாங்க.”

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். எழுந்து கிணற்றடிக்குத் திரும்பிப் போய் இரண்டு பூவையும் உள்ளே போட்டாள். இதை வீட்டில் யாரிடமும் சொல்லாதே கண்ணு என்றாள். நான் சொல்லவில்லை. வீடு வருகிற வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து நடந்தேன். அவள் அழுகையை நிறுத்தியது நான் சொன்ன நல்ல சேதியைக் கேட்டுத்தான் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.